மாடிக்கும் பின்னறைக்கும் அனுமதி எடுக்கவில்லை, வீட்டை விற்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கல்லடியில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த 10 பேர்ச் வளவு. முன்வீடு 1998இல் மாநகர சபையில் பிளான் பாஸ் பண்ணிக் கட்டியது. 2011இல் பின்பக்கம் குசினியும் ஓர் அறையும் இழுத்தீர்கள். 2016இல் கொங்கிறீட் பிளேட் போட்டு மேலே இரண்டு அறை எழுப்பினீர்கள். பின்னால் செய்த இரண்டு வேலைக்கும் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. இப்போது வீடு கேட்டு வந்தவர் வங்கிக் கடனில் வாங்குகிறார், வங்கி முழு வீட்டுக்கும் அங்கீகரித்த வரைபடமும் சி.ஓ.சி.யும் (கட்டடம் சட்டப்படி அமைந்திருக்கிறது என்று சபை தரும் சான்றிதழ்) கேட்கிறது. "விற்க ஏலாதா, இடிக்கச் சொல்வார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சபைக்குப் போய் நாமாகவே சொன்னால் வம்பை விலைக்கு வாங்கியதாகுமா, சொல்லாமல் விற்றால் பிறகு அது நம் தலையில் வந்து விழுமா என்பதுதான் அது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

நான் உள்ளூராட்சி மன்றங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கட்டட விண்ணப்பம் பார்ப்பதும் தளத்துக்குப் போய் அளப்பதும்தான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு இப்படிச் சிக்கிய வீடுகளுக்குப் படம் கீறிக் கொடுக்கிறேன். சட்டத்தரணி இல்லை. ஆகவே கட்டடம், சபை, விதி பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். காணி உறுதி, பொறுப்பு, நட்டஈடு பற்றிச் சொல்லும் இடங்களை உங்கள் நொத்தாரிசிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

நிச்சயமானதில் தொடங்குவோம். வீட்டை விற்கலாம். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் முன்னிற்கக் கையெழுத்தாக வேண்டும் என்பதுதான் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது. உறுதியில் கைமாறுவது காணியும் அதோடு ஒட்டி நிற்கும் எல்லாமும். மாடிக்குப் பிளான் பாஸ் இருக்கிறதா என்று காணிப் பதிவகம் கேட்பதில்லை. கையில் காசோடு வருகிற ஒருவருக்கு நாளைக்கே உறுதி எழுதினாலும் அந்த உறுதி செல்லும். சிக்கல் வருகிற இடம் வங்கிதான். கடன் திரும்பி வராவிட்டால் அந்த வீட்டை விற்றுத்தான் பணத்தை எடுக்க வேண்டும் என்பதால், வில்லங்கத் தேடல், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சுவீகரிக்கப்படாமைச் சான்றிதழ் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டட அனுமதியையும் பார்க்கிறார்கள். பல வங்கிகளின் மதிப்பீட்டாளர்கள் பாஸ் பண்ணிய பகுதிக்கு மட்டும் விலை போடுவார்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டில் 1998ஆம் ஆண்டுப் பகுதிக்கும் காணிக்கும்தான் கடன் கிடைக்கும். மிச்சத்துக்கு வாங்குபவர் கைக்காசு தேட வேண்டும். "வங்கி வேண்டாம் என்கிறது" என்று அவர் சொன்னால், முழுக்க மறுத்துவிட்டதா, தொகையைக் குறைத்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது நிச்சயம், உங்களுக்குப் பிடிக்காதது. அந்த இரண்டு வேலைக்கும் அனுமதி தேவைப்பட்டது, இன்றைக்கும் தேவைதான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டவோ கூட்டவோ கூடாது. மட்டக்களப்பு மாநகர எல்லை அப்படிப்பட்ட பகுதி. அதிகார சபை தன் அதிகாரத்தைச் சபைக்குக் கையளித்திருப்பதால் நீங்கள் போய் நிற்கும் கவுண்டர் மாநகர சபையுடையது, பிடிக்கிற சட்டம் அதிகார சபையுடையது. பிரகடனம் எட்டாத பிரதேச சபைப் பக்கங்களில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அதே வேலையைச் செய்கிறது. கட்டடம் சட்டப்படி அமைந்திருக்கிறது என்று சான்றிதழ் தரும்வரை காவலாளியைத் தவிர வேறு யாரும் அதில் குடியிருக்கக் கூடாது என்று அந்தப் பழைய சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊரில் நிறையப் பேர் சொந்த வீட்டுக்கே காவலாளிதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று சமாதானங்களும் இங்கே செல்லாது. "பத்து வருடம் தாண்டிவிட்டது, இனி யாரும் கேட்க முடியாது" என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் வரும் பத்து வருட ஆட்சியோடு போட்டுக் குழப்பிக்கொள்வது. அது காணி உரிமை பற்றித் தனியாட்களுக்கு இடையே வருகிற வழக்குக்கு. கட்டட அனுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. "சோலைவரி கட்டுகிறோமே" என்பதும் அப்படித்தான். சபை வரி போடுவது கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதிக்கு. வரி உத்தியோகத்தர் உங்கள் மாடியை எண்ணி வரியைக் கூட்டியிருந்தால், மாடி இருப்பது சபைக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி, சபை சம்மதித்தது என்பதற்கு இல்லை. கரண்ட் எடுத்தோம், தண்ணி எடுத்தோம் என்பதும் அதே கதைதான்.

இடிக்கச் சொல்வார்களா? சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி, அனுமதியில்லாமல் கட்டியவருக்கு அறிவித்தல் கொடுத்து நிறுத்தவோ அகற்றவோ சொல்லலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெற்று இடிக்கலாம். கவனியுங்கள், அறிவித்தல் கட்டியவர் பெயருக்கு வந்தாலும் இடிபடுவது அன்றைக்கு வீட்டை வைத்திருப்பவரின் சுவர். வாங்குபவர் பயப்படுவதும் வங்கி தயங்குவதும் இதனால்தான். நடைமுறை என்னவென்றால், வருடக்கணக்காக ஆட்கள் குடியிருக்கும் அறையைச் சபை தானாகத் தேடிவந்து இடிப்பதை நான் அநேகமாகக் கண்டதில்லை. வழக்கு வரை போனவற்றில் பெரும்பாலும் பக்கத்து வளவிலிருந்து ஒரு முறைப்பாடு இருந்தது. கூரைத் தண்ணி அவர்கள் பக்கம் விழுகிறது, மேல்யன்னல் அவர்கள் கிணற்றடியைப் பார்க்கிறது, மதிலுக்கு மேலே சிலாப்பு நீண்டுவிட்டது என்று ஏதாவது ஒன்று. உங்கள் பின்வளவுக்காரரோடு உங்களுக்கு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் நேரில் வந்திருந்தால் முதலில் கேட்டிருப்பது அதைத்தான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். எல்லாரும் இல்லாத காகிதத்தைத் தேடி ஓடுகிறார்கள். பார்க்க வேண்டியது கட்டடத்தை. 2011இல் ஒழுங்காக விண்ணப்பித்திருந்தால் அந்தக் குசினி பாஸ் ஆகியிருக்குமா? இன்றைக்கு விண்ணப்பித்தால் ஆகுமா? ஆகும் என்றால் உங்கள் பிரச்சினை காசும் சில மாதமும். ஆகாது என்றால் எத்தனை பேரைப் பிடித்தாலும் சி.ஓ.சி. வராது, விலையைத்தான் மாற்ற வேண்டும். சபைப் படியேறுவதற்கு முன் நாடாவை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

10 பேர்ச் என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். வதிவிடத்துக்கு நிலத்தில் 65 சதவீதம் வரை மூடலாம் என்று வைத்தால் சுமார் 164 சதுர மீற்றர், அதாவது 1,770 சதுர அடி அளவுக்குக் கீழ்த்தளம் இருக்கலாம். கல்லடி வீடுகளில் இதில் மாட்டுவது குறைவு. மாட்டுவது பின்னிடைவெளியில். சாதாரண ஒரு மாடி வீட்டுக்குப் பின்மதிலிலிருந்து 2.3 மீற்றர், நம் கணக்கில் ஏழரை அடி, வானம் தெரிய விட வேண்டும். நம் ஆட்கள் குசினியைக் கொண்டுபோய் மதிலோடு ஒட்டுவார்கள், "புகை அந்தப் பக்கம் போகட்டும்" என்று. மதிலையே குசினிச் சுவராக்கி அதற்கு மேலே நாலு வரி கல்லுக் கட்டிச் சீற் போட்ட வீடுகள் எத்தனையோ. நீங்கள் அளக்கும்போது சுவரிலிருந்து அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கூரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மேலே பல்கனி துருத்துகிறதா, பிறகு போட்ட தகரச் சாய்ப்பு இடைவெளியை மூடியிருக்கிறதா என்று நிமிர்ந்தும் பாருங்கள். தூண் நட்டுச் சீற் போட்ட சாய்ப்பு ஒன்றுதான் தடையென்றால் அதைக் கழற்ற அரை நாள் போதும். அதைக் கழற்றாமல் படம் கீறிக் கொண்டுபோய், தளம் பார்க்க வந்த உத்தியோகத்தர் எழுதிவிட்டுப் போன பிறகு கழற்றுகிறவர்கள்தான் அதிகம்.

பக்கச் சுவரில் யன்னல் வைத்திருந்தால் அந்தப் பக்கம் இடம் விட்டிருக்க வேண்டும். எல்லைக்கோட்டில் ஏறிய சுவரில் யன்னல் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தந்தாலும் அந்தக் கடிதம் விதியை மாற்றாது. அவர் நாளைக்கு வளவை விற்றுவிட்டுப் போவார், யன்னல் அங்கேயே இருக்கும். இதற்கு மருந்து எளிது, யன்னலைக் கல்லு வைத்து அடைத்துவிட்டு அறைக்கு வேறு பக்கம் வெளிச்சமும் காற்றும் கொடுப்பது. முன்பக்கம் வீதிக்கோடும் (வீதி அகலிக்க ஒதுக்கிய எல்லை) கட்டடக்கோடும் (அதைத் தாண்டி வீதிப்பக்கம் கட்டக் கூடாத எல்லை) எங்கே விழுகின்றன என்பதைச் சபையில் எழுத்தில் வாங்குங்கள். வளவு பெரிய றோட்டைப் பார்த்திருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோடும் சேரும். பெரிய றோட்டுகளில் அந்தக் கோட்டை நடுவீதியிலிருந்து அளப்பார்கள் என்பதால், வீட்டுக்காரர் எதிர்பார்ப்பதைவிட உள்ளே வரும். கோட்டுக்குள் வந்த பகுதி நாளைக்கு வீதி அகலித்தால் நட்டஈடு இல்லாமல் போகக்கூடியது. மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்.

மாடிக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் விஷயத்தில் குசினியைவிட மாடிதான் பாரம், இரண்டு அர்த்தத்திலும். 1998இல் பாஸ் பண்ணிய படத்தை எடுத்துப் பாருங்கள். அது ஒரு தளத்துக்கான அத்திவாரமா, மேலே ஏற்ற நினைத்துப் போட்டதா? நம் ஊரில் நாளைக்கு மகளுக்கு மேலே கட்டலாம் என்று தூண் கம்பியை அரை ஆள் உயரத்துக்கு வெளியே விட்டுவைக்கும் பழக்கம் உண்டு. துருப்பிடிக்காமல் சோடாப் போத்தலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற கல்லடியில் போத்தல் அந்தக் கம்பியைக் காப்பாற்றாது. உப்புக்காற்று பல வருடம் தின்ற கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டித்தான் 2016இல் பிளேட் போட்டிருப்பார்கள். மாடிக்கு இப்போது அனுமதி கேட்டால் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கை வேண்டியிருக்கும். அவர் அத்திவாரத்தின் ஒரு மூலையைத் தோண்டிப் பார்ப்பார். மணல் நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணி காணும் இடம் என்பதால் அத்திவாரத்தின் அகலம் அவருக்கு முக்கியம். பிளேட்டின் அடிப்பக்கம் கம்பி ஓடும் திசையில் மண்ணிறக் கோடு, பூச்சு ஊதிக் கழன்ற இடம், தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் சத்தம் இருக்கிறதா என்று நீங்களே முதலில் பார்க்கலாம். அப்படி ஏதும் கண்டால் அனுமதிக் கதையை நிறுத்திவிட்டு முதலில் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கீழே படுப்பது ஆட்கள்.

கல்லடி என்றபடியால் இன்னொரு திணைக்களமும் வருகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குச் சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இல்லாமல் கட்டியதை அகற்றச் சொல்லும் அதிகாரம் அந்தத் திணைக்களத்துக்குத் தனியாகவே உண்டு. இதை 2005இல் பேசிய இடைவலயத்தோடு (பபர் சோன்) குழப்ப வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள், பிறகு அதைத் தளர்த்தினார்கள். அது தளர்ந்தது என்பதற்காக 300 மீற்றர் வலயம் இல்லாமல் போகவில்லை. "பபர் சோன் எடுத்துட்டாங்க, இனி ஒண்டும் தேவையில்லை" என்று மேசன்மார் சொல்வதைக் கேட்டுக் கட்டினவர்கள் கல்லடி, நாவலடியிலிருந்து பாண்டிருப்பு, கல்முனை வரை இருக்கிறார்கள். உங்கள் வளவு கடற்கரைப் பக்கமா, வாவிப் பக்கமா என்று எழுதவில்லை. நில அளவையாளரிடம் தூரத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். 300 மீற்றருக்கு உள்ளே என்றால் அந்த அனுமதியைக் கேட்டுவிட்டுத்தான் சபைக்கான படத்தைக் கீற வேண்டும்.

கட்டடம் எல்லையைத் தாண்டியிருந்தால் அது வேறு விதமான பிரச்சினை. உறுதியில் 10 பேர்ச் என்றிருக்கும், நிலத்தில் அளந்தால் குறையும், பின்னறையின் ஓர் அடி பக்கத்து வளவுக்குள் நிற்கும். சபை இதைத் தீர்க்காது. அந்தத் துண்டை விலைக்கு வாங்கி உறுதி எழுதுவதோ சுவரைப் பின்னுக்கு எடுப்பதோதான் வழி. அந்தத் துண்டு வாவியோர ஒதுக்கோ வீதி ஒதுக்கோ என்றால் வாங்கவும் முடியாது. இதை வாசிக்கும் அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று: உங்களிடம் இருப்பது உறுதிக் காணியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்று முதலில் பாருங்கள். அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் முன்சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, நொத்தாரிசும் எழுதக் கூடாது. அங்கே பிளான் பாஸ் என்பது இரண்டாவது கவலை.

அனுமதி எடுக்கவில்லை என்று நீங்கள் நிச்சயமாகச் சொல்கிறீர்கள். இருந்தாலும் ஒருமுறை தேடிவிடுங்கள். வீட்டில் அப்பாவோ மாமாவோ விண்ணப்பம் போட்டுப் பாதியில் விட்டிருப்பார்கள், அல்லது அனுமதி வந்து சி.ஓ.சி. எடுக்காமல் விட்டிருப்பார்கள். சபையில் கட்டட விண்ணப்பப் பதிவேடு உண்டு. வரி இலக்கமும் உரிமையாளர் பெயரும் வருடமும் கொடுத்தால் தேடலாம். 1998ஆம் ஆண்டுப் படத்தின் சான்றுப்படுத்திய பிரதியும் அங்கேயே கட்டணம் கட்டிப் பெற வேண்டியது. வாய்ச்சொல்லில் "பழைய பைல் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். "இல்லை" என்பதும் எழுத்தில் வந்தால் அது உங்களுக்கு உதவும். வாங்குபவரின் சட்டத்தரணிக்குக் காட்ட ஒரு தாள் ஆகும்.

அளந்து பார்த்தீர்கள், பாஸ் ஆகக்கூடிய கட்டடம் என்று தெரிகிறது. பிறகு நடப்பது இதுதான். இப்போது நிற்கிறபடி முழு வீட்டையும் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு படம் கீற வேண்டும், பழையதும் புதியதும் வேறு நிறத்தில். நில அளவைப் படம், உறுதிப் பிரதி, வரிப் பற்றுச்சீட்டு, மாடிக்குப் பொறியியலாளர் அறிக்கை எல்லாம் சேர்த்துச் சபைக்கு, கட்டி முடிந்த பிறகு கேட்கும் அனுமதி என்று சொல்லியே விண்ணப்பிக்க வேண்டும். கவுண்டரில் கவரிங் அப்ரூவல் என்றால் விளங்கும். அனுமதியில்லாமல் கட்டியதற்கான மேலதிகக் கட்டணம் பரப்பளவை வைத்து வரும். தொகையைக் கவுண்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அயலவர் கட்டிய தொகையை நம்பாதீர்கள். சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்ப்பார். பக்கத்து வளவுக் கிணறும் அவர் கணக்கில் வரும், அதை மறந்துவிட்டுத்தான் ஆட்கள் முழிப்பார்கள். பிறகு திட்டமிடல் குழு. அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சி.ஓ.சி.க்குத் தனி விண்ணப்பம். வங்கி கேட்பது அதைத்தான்.

சீதன வீடுகளில் இந்தப் பயணம் முதல் படியிலேயே நிற்பது பெயரில். சோலைவரிப் பதிவேட்டில் இன்னும் அம்மம்மாவின் பெயர் இருக்கும். வரி நிலுவையைக் கட்டிப் பெயரை மாற்றாமல் கட்டட விண்ணப்பம் நகராது. அம்மா உங்களுக்கு எழுதித் தந்த உறுதியில் தன் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைத்துக்கொண்டிருந்தால் விண்ணப்பத்திலும் விற்பனையிலும் அவர் கையெழுத்தும் வேண்டும். ஒரு வளவை இரண்டு மகள்மாருக்குப் பிரித்து எழுதியிருந்தால் அந்தப் பிரிப்புக்கும் சபையின் அங்கீகாரம் இருந்ததா என்று பாருங்கள். சாதாரணமாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த துண்டைச் சபை ஏற்பதில்லை. "மேல்வீடு தங்கச்சிக்கு, கீழ்வீடு எனக்கு" என்று வாயால் பிரித்ததை உறுதியில் கொண்டுவர 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி தனிப் படம் வேண்டும். உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் இதே கேள்வியோடு வருகிறவர்களில் பலருக்கு இருக்கிறது.

இதில் சந்தேகமான இடங்களையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை மாதம் ஆகும் என்று யாராவது திகதி சொன்னால் நம்ப வேண்டாம். குழு கூடும் நாள், பொறியியலாளர், கரையோரத் திணைக்களம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இழுக்கும். 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிகளுக்குப் பதிலாக 2021இல் புதிய விதிகள் வர்த்தமானியில் வந்தன. பழைய கட்டடத்தைப் பழைய விதியில் பார்க்கச் சொல்லி வாதாடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வாதாட்டத்தை நம்பி அளக்கச் சொல்ல மாட்டேன், இன்றைய விதியில் ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போடுவதே "அனுமதியில்லாமல் கட்டினேன்" என்று எழுத்தில் கொடுப்பதுதான் என்பதும் உண்மை. பாஸ் ஆகாத கட்டடத்துக்கு விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்கினால், நேற்றுவரை சபை கண்டுகொள்ளாத விஷயம் பைலில் ஏறிவிடும். முதலில் நாடா, பிறகு சபை என்று வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

சொல்லாமல் விற்பது பற்றி. மறைக்க வேண்டாம், வெறும் ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. நம் நாட்டில் காணி விற்பனைக்குப் பின்னால் இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். பொருளில் மறைந்து கிடக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பு, தெரிந்தே மறைத்தால் பொறுப்பு இன்னும் கனம். விலையைக் குறைக்கச் சொல்லியோ விற்பனையை ரத்துப் பண்ணச் சொல்லியோ வழக்குப் போடலாம். அனுமதி இல்லாமை அப்படியான குறையில் அடங்குமா என்று சட்டத்தரணிகள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். அந்த வாதத்துக்குள் நீங்கள் ஏன் போக வேண்டும்? விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்: இந்தப் பகுதி இந்த வருடம் அனுமதியுடன் கட்டியது, இந்த இரண்டு பகுதியும் அனுமதி இல்லாமல் கட்டியவை, வாங்குபவர் இதை அறிந்தே இந்த விலைக்குச் சம்மதிக்கிறார். வாங்குபவரும் சட்டத்தரணியும் கையெழுத்து வைத்த அந்த ஒரு பந்தி உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு எந்தத் தரகரின் வாக்கும் காப்பாற்றாது.

உங்கள் நிலைமையில் நான் என்ன செய்வேன்? அளவு சரிவந்தால், இப்போதைய வாங்குபவர் பொறுக்கக்கூடியவரென்றால், சிறு முற்பணத்தோடு உடன்படிக்கை எழுதி, சி.ஓ.சி. வந்ததும் உறுதி என்று நிபந்தனை போடுவேன். வராவிட்டால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி, கட்டணம் யார் தலையில் என்பதையும் அதிலேயே எழுதுவேன். அளவு சரிவராவிட்டால் சபைக்குப் போகாமல், பொறியியலாளர் அறிக்கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கைக்காசுக்காரர் ஒருவரிடம் உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பேன். குறைக்கும் தொகைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், பாஸ் ஆகாத பகுதியை இடித்து அள்ளும் செலவும் அந்தப் பகுதிக்கு நீங்கள் போட்டிருந்த விலையும் சேர்ந்ததுதான் உச்சம். அதற்கு மேல் கேட்பவர் பேரம் பேசுகிறார். பின்னறையைப் பாதி வெட்டிப் பாஸ் பண்ணலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வெட்ட வேண்டியது ஒரு சுவரும் சாய்ப்பும் என்றால் லாபம், பிளேட்டில் கை வைக்க வேண்டும் என்றால் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்வியைப் போட்ட பிறகு, பழைய திகதியில் பிளான் பாஸ் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது உங்களைத் தொடர்புகொள்ளக்கூடும். அது போலி ஆவணம். வங்கியின் சட்டத்தரணி செய்யும் முதல் வேலை, படத்தில் இருக்கும் விண்ணப்ப இலக்கத்தைச் சபைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது. அன்றைக்கு நீங்கள் அனுமதியில்லாமல் கட்டியவர் என்ற இடத்திலிருந்து குற்றவியல் வழக்குக்குள் போய்விடுவீர்கள், விற்பனையும் போகும்.

இன்னும் திட்டமாகச் சொல்ல வேண்டுமென்றால் இவற்றை எழுதுங்கள். குசினிச் சுவரிலிருந்து பின்மதிலின் உள்பக்கம் வரை எத்தனை அடி, கூரை எவ்வளவு நீட்டியிருக்கிறது, மேல்மாடியில் எந்தப் பக்கச் சுவர்களில் யன்னல், வளவிலிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய எவ்வளவு தூரம், உறுதி இப்போது யார் பெயரில், அதில் சீவிய உரித்து இருக்கிறதா. 1998ஆம் ஆண்டுப் படத்தில் அத்திவாரத்தின் வெட்டுமுகம் கீறியிருந்தால் அதிலுள்ள அளவுகளையும் சேர்த்துப் போடுங்கள். பெயர், வரி இலக்கம், உறுதி இலக்கம் எதையும் இங்கே பொதுவில் போட வேண்டாம்.